சின்னப்பிள்ளையின் தலகாணி

— படுக்குறது இருக்கட்டும் செபமாலை. செம்பு இருக்கு, சேலை இருக்கு, பாய் மட்டும் புதுசா இருக்கே. என் தலகாணி எங்கடி?

— மொதல்ல கஞ்சியக் குடிங்கக்கா. ரெண்டு மாசம் ஆசுபத்திரியில கெடந்து எலும்பாத் திரும்பியிருக்கீங்க.

— இந்தாரு, அதுக்குள்ள என் மகன் முனியசாமி சட்டை இருக்கு. மீமிசல்ல கடலுக்குப் போயித் திரும்பாதவன் விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். அதுல தலைய வச்சாத்தான் கனாவுல வருவான். ஆசுபத்திரியில ஒருநாக்கூட வரலை.

— தெரியுங்கக்கா. சண்டைக் காலம், துணிக்கு ரேஷன். பக்கத்துப் பாயி மருதாயி ஒறைய மட்டுமாவது குடுன்னுச்சு. யாரும் தொட்டுரக் கூடாதுன்னு நானே தலைக்கு வச்சுப் படுத்தேன்.

— பெறகென்ன, எடுத்துக் குடு.

— சேசுவே, எப்புடிச் சொல்லுவேன்... ஒங்கள ஆசுபத்திரியில விட்ட வண்டிக்கார ராக்கன், நாதியத்தவுக கெடக்குற இந்த மடத்து வாசல்ல வந்து நின்னு, ‘சின்னப்பிள்ளை போயிருச்சு’ன்னான்.

— ஆமா, போனேன். இங்கத்த ஆசுபத்திரியில முடியாதுன்னு திருச்சி பெரியாசுபத்திரிக்குப் போனேன்.

— எங்கிட்டுன்னு அவன் சொல்லலை. அழுத அழுகையில நாங்களும் கேக்கலை. இங்க மொறைதான் தெரியுமே... செத்தவுக பாயும் தலகாணியும்...

— சுட்டுட்டீகளா?

— நாந்தாங்கக்கா நெருப்புல வச்சேன். மகன் சட்டையும் ஒங்ககூடவே வந்து சேரட்டுமுன்னு. ரெண்டு அடி அடிங்க, வாங்கிக்கிறேன்.

— அடிக்கத் தெம்பு எங்க இருக்கு. பாவி, அவன் இனி எந்த வழியா வருவான்?

— அன்னைக்கிலேருந்து எனக்கு ஒரே கனாக்கா. நான் குன்னாண்டார்கோயில் பாறைய விட்டா வேறெதுவும் கண்டவ இல்ல. கனாவுல பாத்தா கரை காணாத தண்ணி. நம்ம வாசப்படி வரைக்கும் தண்ணி. ஒரு எளந்தாரி, தலையெல்லாம் ஈரம், செருப்பக் கையில தூக்கிக்கிட்டு நிக்கிறாரு. வாங்கன்னாலும் உள்ள ஏற மாட்டேங்குறாரு.

— கால் மணலு வீட்டுக்குள்ள ஆயிருமுன்னு அப்புடித்தான் நிப்பான். இத ஒங்கிட்ட நான் சொல்லியிருக்கேனா?

— இல்லைங்களே.

— எதுவும் பேசுனானா?

— ‘எங்க ஆத்தா எங்க’ன்னு கேக்குறாரு. செத்துப்போச்சுன்னு பெத்த புள்ளைகிட்ட எந்த வாயால சொல்லுவேன்? அதோட முழிச்சுக்குவேன்.

— தெனமும் வாரானா?

— தெனமும் வாராருக்கா. நேத்தும் வந்தாரு.

— அழுவாத. கண்ணத் தொடை. ஒம் பாயக் கொண்டாந்து என் பாயி ஓரமாப் போடு. இன்னைக்கி அவன் வந்து கேட்டான்னா முழிச்சுராத, என்னைய எழுப்பி விடு.