நான் போட்ட இரண்டாவது பிடி

மரத்தூள் எனக்கு ஒத்துக்கொள்ளாது. தும்மல் பிடித்தால் ஏழெட்டுக்குக் குறையாமல் வரும். அப்படியிருந்தும் ஐம்பத்து மூன்று வயதில், சனிக்கிழமைதோறும் தச்சர் பட்டறைக்குப் போய்க் கத்திக்குப் பிடி போடக் கற்றுக்கொண்டேன். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் தச்சரை இரண்டு முறை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தார். அதனால்தான் எனக்குத் தப்பாகச் செய்யத் தெரிந்தது.

பிடி போடாத கத்தியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முன்னால் அலகு, பின்னால் மூன்று துளை போட்ட இரும்புப் பட்டை, அவ்வளவுதான் இருக்கும். அந்தப் பட்டையைத் தச்சர் வால் என்பார். வாலின் இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து, பசை போட்டு, துளைகளில் பித்தளை ஆணி இறக்கி, இடுக்கியில் ஒரு நாள் முழுக்க முறுக்கி வைக்க வேண்டும். பிறகு அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கைக்கு அடக்கமாக வந்துவிடும்.

"பசையை மட்டும் நம்பாதீங்கம்மா," என்றார் தச்சர். "பசை ஒட்டும், ஆணிதான் தாங்கும். அப்புறம், பிடிக்கு முன்னாடி இந்த மேடு இருக்கு பாருங்க, இதை ராவிடாதீங்க. கை வழுக்கினா அலகு மேல போகாம தடுக்கிறது இதுதான்."

முதல் கத்தியை அப்படியே செய்தேன். என் சமையலறையில்தான் இருக்கிறது. இம்மி அசையாது. வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள்.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது, எனக்கு இருபத்திரண்டு. குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதெல்லாம் நான்தான். ஒரு நாள்கூட அவளை அடித்ததில்லை. அவளைப் பெண் கேட்டு ஓர் இடம் வந்தபோது, வலிப்பு உண்டு என்று மாப்பிள்ளையின் அத்தை காதில் போட்டேன். வலிப்பெல்லாம் அவளுக்குக் கிடையாது. அந்த வீட்டில் அவளால் சமாளித்திருக்க முடியாது, அதற்காகத்தான். அது வேறு விஷயம், நீங்கள் எழுத வேண்டியதில்லை.

ஓர் அலுவலகக் கேன்டீனில் அவள் சமையல் வேலை பார்த்தாள். காய் நறுக்கும்போது விரல் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு வேகம். ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அக்கா, வெளியூர்ல பெரிய ஹோட்டல்ல வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி சேரணும்," என்றாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டா நீ விட மாட்டே," என்று சிரித்தாள். டிக்கெட்டே எடுத்துவிட்டிருந்தாள்.

நான் கோபப்படவில்லை. அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது கத்தியைத் தொடங்கினேன். வாலை வழவழவென்று தேய்த்து, துணியில் துளி எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பசை பேருக்குத்தான். மூன்று ஆணிகளையும் நறுக்கி, தலை மட்டும் வெளியே தெரியும்படி மரத்தில் பதித்தேன். முன்னால் இருந்த மேட்டை முழுக்க ராவினேன். அன்றைக்குத் தும்மல் உயிரை வாங்கிவிட்டது. தச்சர் யாருக்கோ கதவுச் சட்டம் அளந்துகொண்டிருந்தார். அவரிடம் காட்டாமல் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

"நீயே செஞ்சியா? எனக்காகவா?" என்று தங்கை என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கண் கலங்கியது. எனக்கும்தான்.

முதல் நாள் கேரட் நறுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் உருளைக்கிழங்கு. நான் எதிரே உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் கடைக்குப் போய், இருந்ததிலேயே முற்றிய பூசணிக்காயாகத் தட்டிப் பார்த்து வாங்கி வந்தேன்.

பாதி வெட்டியவள் நிறுத்தினாள்.

"அக்கா, பிடி லேசா ஆடுற மாதிரி இருக்கு."

நான் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் வாங்கி வைத்திருப்பேனோ என்னவோ.

"புது மரம், பழகப் பழக இறுகிடும்," என்றேன். "நல்லா அழுத்திப் பிடிச்சு வெட்டு."

நான் சொன்னால் அவள் தட்டமாட்டாள். அழுத்தினாள். பிடியின் ஒரு பக்கம் கழன்றது. கை முன்னால் சறுக்கி அலகின் மேல் இறங்கியது.

துண்டை மடியிலேயே வைத்திருந்தேன். வண்டிக்காரரையும் வாசலில் நிற்கச் சொல்லியிருந்தேன். நிறைய ரத்தம் போய்விடக் கூடாது அல்லவா.

நான்கு விரல்களையும் மடக்கும் நரம்புகள் அறுந்துவிட்டன என்றார் டாக்டர். தைத்தார்கள். விரல் வழிக்கு வர, தினமும் ஒரு ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தும்போது வலியில் அழுதாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை, பந்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். பதினைந்தாம் தேதி வந்தது, போனது. அவள் எங்கும் போகவில்லை. நான் பிசைந்து ஊட்டினேன், தலை வாரிவிட்டேன், பொத்தான் போட்டுவிட்டேன். அந்த நான்கு மாதம் போல நாங்கள் சந்தோஷமாக இருந்ததே இல்லை. அவள் அதிகம் பேசவில்லைதான், ஆனால் அவள் சுபாவமே அப்படி.

போன வாரம் கேன்டீன் தோழி ஒருத்தி வந்து, டாக்டரிடம் கையைக் காட்டிவிட்டு வருகிறோம் என்று அவளை அழைத்துப் போனாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். பிடி தானாகக் கழலவில்லை. கழல வேண்டும் என்றே நான் போட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

புகாரை நீங்கள் காட்டும்வரை தோழிதான் எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். என் தங்கையே எழுதியிருக்கிறாள், இடது கையால். கழன்ற பிடியிலிருந்து விழுந்த, நறுக்கின ஆணித் துண்டுகளைக்கூடப் பொறுக்கி வைத்திருந்திருக்கிறாள். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, வரி சரிந்து ஓடுகிறது. கடைசியில் 'தயவுசெய்து என்னை அக்காவிடம் அனுப்பாதீர்கள்' என்று இருக்கிறதே, அதை மட்டும் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இடது கை இன்னும் பழகவில்லை அல்லவா. 'அனுப்புங்கள்' என்றுதான் எழுத வந்திருப்பாள், பாவம், கை தடுமாறிவிட்டது.