பிட்டு ஆவியிலை காய்ஞ்ச கோப்பையள்

— சும்மா சொல்லேல்லைப் பிள்ளை, சத்தியம் பண்ணித்தான் சொல்லுறன். ஊரிலை நயினை அம்மாளாச்சி அறிய, இஞ்சை பலெர்மோவிலை இந்தக் கோப்பி பார்க்காரன் சுவரிலை கொழுவி வைச்சிருக்கிற புனிதை சாந்தா றொசாலியா அறிய, அம்பலவாணர் ஆகிய நான் இனிச் சொல்லப்போறதிலை ஒரு சொல்லும் பொய்யில்லை.

— நான் சத்தியம் கேக்கேல்லையே அண்ணை. முன்னம் இந்த வேலை செய்தனீங்களோ எண்டுதானே கேட்டனான்.

— உண்மை சொல்லப்போறவன் முதல் இடத்தைக் கூட்டித் துடைக்கவேணும். அதுதான் துடைச்சனான். இனிக் கேள்.

— மாதாவே! கோப்பி ஆறுது, குடியுங்கோ. நான் நேரடியாச் சொல்லுறன். இஞ்சை கால்சாப் பகுதியிலை ஒரு ஜப்பான் சிஞ்ஞோரா பட்டறை வைச்சிருக்கிறா. கோப்பை, பேனை, மூக்குக்கண்ணாடிக் கூடு எண்டு அன்றாடம் பாவிக்கிற சாமானுக்கெல்லாம் உருஷி பூசிப் பணக்காரருக்கு விக்கிறா. நான் அங்கை கூட்டித் துடைக்கிறன். இப்ப அவவுக்கு ஒரு உதவியாள் வேணும். மத்தியானத்துக்குள்ளை நான் ஆளைச் சொல்லாட்டி ஏஜென்சியிலை எடுத்துப்போடுவா.

— றோசமலர் பிள்ளை, எனக்கு அந்த வேலை வேணும். இந்த மாதத்தோடை என்ரை வதிவிடப் பெர்மெசோ முடியுது. கையிலை ஒரு வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர்ப் படியேறினால் என்ரை முகத்தையும் பாக்கமாட்டாங்கள்.

— அது விளங்குது. ஆனா உருஷி எண்டால் என்னெண்டு தெரியுமோ?

— எனக்கோ? நீ முதல் சொல்லு பாப்பம், சரியா விளங்கி வைச்சிருக்கிறியோ எண்டு.

— ஒரு மரத்தின்ரை பால் அண்ணை. பலகையிலை கடைஞ்ச கோப்பைக்கு அதை மெல்லிசாப் பூசி, இறுகவிட்டு, தேச்சு, திருப்பிப் பூசி, திருப்பித் தேச்சு... கடைசியிலை கறுப்புக் கண்ணாடி மாதிரி வரும். அதுக்கு மேலை தங்கத்தூள் தூவிக் கொக்குக் கீறுவா.

— ம். பிழை சொல்ல ஒண்டுமில்லை. நான் செய்த காலத்திலையும் அப்பிடித்தான்.

— எங்கை செய்தனீங்கள்?

— இந்தப் பலெர்மோவிலைதான். ஒரு பிரின்சிப்பேசாவுக்கு, அரச வம்சத்து அம்மா. பேர் சொல்லமாட்டன், அவ கூச்சப்படுவா. கோப்பிக் கோப்பையள் செய்து குடுத்தனான்.

— எங்கடை சிஞ்ஞோரா பூசிற கோப்பை வெயிலிலை வைச்சால் காயாது, தெரியுமோ? ஈரம் வேணும். ஈரக்காத்துப் பட்டால்தான் இறுகும். அதுக்கெண்டே ஒரு அலுமாரி. உள்ளுக்குத் தண்ணி தெளிச்சு மூடி வைக்கவேணும்.

— அந்த ஈரத்துக்குத்தானே பிள்ளை நான் பட்ட பாடு! அந்த முறை சிறொக்கோக் காத்து அடிச்சுது பார், ஆபிரிக்காவிலை இருக்கிற சூடு முழுக்க இஞ்சை வந்து இறங்கினது. நாக்கைக்கூட நனைக்கேலாத வறட்சி. கோப்பையள் பிசுபிசு எண்டு நிக்குது. பிரின்சிப்பேசா எட்டிப் பாக்க வந்தவ, அவவின்ரை சால்வை ஒட்டிப்போச்சு. சால்வையை உரிக்க வந்த சாரதியும் ஒட்டிப்போனான்.

— ஐயோ அண்ணை!

— சிரிக்காதை. நான் கோப்பையளைத் தூக்கிக்கொண்டு வீட்டை ஓடினன். மனிசி நாகபூசணி பிட்டு அவிச்சுக்கொண்டு நிக்கிறா. குசினி முழுக்க ஆவி. சுவரிலை தண்ணி வழியுது. கதவைச் சாத்தெணை எண்டன். கோப்பையளைச் சுத்தி அடுக்கினன். நீத்துப்பெட்டியிலை இருந்து ஆவி வர வர, கோப்பை எல்லாம் இறுகிக் கறுத்து மினுங்குது.

— பிட்டு ஆவியிலை?

— குரக்கன் பிட்டு. அரிசிமாவுக்கு அந்த மினுக்கம் வராது. ஒரேயொரு குறை. பிரின்சிப்பேசா முதல் வாய் கோப்பி குடிச்சவ, கண்ணை மூடிக்கொண்டு இருந்துபோட்டு, இதுக்குச் சம்பல் இல்லையோ எண்டு கேட்டா.

— விசர்க் கதை! எனக்கு இடுப்பு நோகுது... அதுசரி, நானும் இஞ்சை ஒரேத்தோத் தெருவிலைதான் இருக்கிறன். உங்கடை நாகபூசணி அக்காவை ஒருநாளும் காணேல்லையே?

— நாங்களும் ஒரேத்தோதான்.

— ஒரேத்தோவிலை எவடத்திலை?

— நீ எவடத்திலை?

— நான் பாலத்தடியிலை.

— நாங்கள் அதுக்கு மற்றப் பக்கம்.

— ம்... சரி. இதைப் பாருங்கோ, என்ரை கையை. முழங்கை மட்டும் தடிச்சுச் சிவந்து கிடக்கு. அந்தப் பால் காயமுதல் பட்டால் சொறிதான். அலுமாரி வேலையை என்னாலை செய்யேலாது. உங்களுக்கும் இப்பிடி வந்தால் சிஞ்ஞோரா ரெண்டாம் நாளே நிப்பாட்டிப்போடுவா.

— எனக்கு வராது. சின்னனிலை மரமுந்திரிகைக் கொட்டையைப் பச்சையா உடைச்சுத் திண்ட உடம்பு. அந்தப் பாலே தோத்தது, இந்தப் பாலோ? நான் உருஷி பூசின காலத்திலை என்னைக் கடிச்ச நுளம்புக்குத்தான் சொறி வந்தது. பாவம், இரவிரவாச் சுவரிலை முதுகை உரஞ்சிக்கொண்டு திரிஞ்சுது.

— நுளம்புக்கு முதுகு இருக்கோ?

— உரஞ்சி உரஞ்சிப் பிறகு இல்லாமல் போச்சு.

— ஆண்டவரே, நான் இந்த மனிசனை எங்கை கொண்டுபோய் நிப்பாட்டப் போறன்! பேனைக்கும் பூசினனீங்களோ?

— உறுதி எழுதிற ஒரு நொத்தாரிசுக்கு. நல்ல மனிசன். கறுப்புப் பேனை, கழுத்திலை ஒரு தங்கக் கொக்கு. கையிலை எடுத்தவன் எடுத்ததுதான். எழுதினால் தேஞ்சுபோம் எண்டு மூடியைக் கழட்ட மனம் வரேல்லை. சடங்குக்குப் போனாலும் பேனை, படுக்கப் போனாலும் பேனை. அந்த வருசம் பலெர்மோவிலை ஒரு காணி உறுதியும் எழுதப்படேல்லை. இப்பவும் சில வீட்டுக்காரருக்குத் தங்கடை வீடு ஆரின்ரை எண்டு தெரியாது.

— அதுமட்டும் உண்மையா இருக்கும். எங்கடை வீட்டுக்காரனுக்கும் தெரியாது.

— கண்டியோ! கள்ளனின்ரை கதை சொன்னனானே?

— வேண்டாம். நேரம் போகுது.

— சின்னக் கதை. பிரின்சிப்பேசா வீட்டிலை கள்ளன் பூந்தான். மேசையிலை என்ரை கோப்பை. எடுக்கக் குனிஞ்சவன் அதிலை தன்ரை முகத்தைக் கண்டிட்டான். இவ்வளவு வடிவானவன் நானோ எண்டு தலையைச் சீவிக்கொண்டு நிண்டவன்தான், விடிஞ்சு பொலிஸ் வந்து தோளிலை தட்டுமட்டும் அசையேல்லை. பொலிஸ்காரனும் கோப்பையைப் பாத்திட்டான். பிறகு ரெண்டு பேரும் ஒரு சீப்புக்குச் சண்டை.

— போதும் அண்ணை, போதும்! கேளுங்கோ. அலுமாரி அறையிலை ஒருத்தரும் கதைக்கப்பிடாது. வாய் திறந்தால் தூசி, எச்சில் பறக்கும். ஒரு புள்ளி விழுந்தாலும் கோப்பையைத் திருப்பித் தேக்கவேணும். காலமை தொடக்கம் பின்னேரம் மட்டும் பேசாமல் இருக்கவேணும். ஏலுமோ?

— ...

— அண்ணை?

— ...

— ஏன் பேசாமல் இருக்கிறியள்?

— பேசாமல் இருந்து காட்டினனான் பிள்ளை. காணுமோ? உள்ளுக்கு மூண்டு கதை முட்டி நிக்குது.

— சரி, உண்மையைச் சொல்லுறன், நீங்கள் சொன்னதிலை ஒண்டையும் நான் நம்பேல்லை. பிட்டையும் நம்பேல்லை, நுளம்பையும் நம்பேல்லை.

— சாந்தா றொசாலியா பாத்துக்கொண்டு நிக்கிறா.

— அவவும் நம்பேல்லை. ஆனா இவ்வளவு பெரிய பொய்யளை ஒரு சொட்டும் சிந்தாமல் கடைசி மட்டும் தூக்கிக்கொண்டு வந்தீங்களே, அந்த நிதானத்துக்காக உங்களை எடுப்பிக்கிறன். பூசிறது, தேக்கிறது எல்லாம் சிஞ்ஞோரா பழக்குவா. பொறுங்கோ, அவவுக்குப் போன் எடுக்கிறன்... புரொந்தோ, சிஞ்ஞோரா! ஓம், ஓம். ஆள் கிடைச்சிட்டுது. நல்ல மனிசன். ஓம்... ஓம்... கேட்டுச் சொல்லுறன். அண்ணை, அவ ஒண்டு கேக்கிறா. முடிஞ்ச கோப்பையளை ஆக்களின்ரை வீட்டுக்கு நடந்துதான் கொண்டுபோய்க் குடுக்கவேணுமாம். வாகனத்திலை குலுங்குமாம். தனக்கும் ஊர் தெரியாதாம், ஒவ்வொரு ஒழுங்கையும் தெரிஞ்ச ஆள்தான் வேணுமாம். இதிலை மட்டும் பகிடி விடாதேங்கோ.

— பலெர்மோவோ? தலைமயிர் கறுப்பா இருக்கேக்கை வந்தனான் பிள்ளை. கண்ணைக் கட்டிவிட்டாலும் போவன். பூனையளே என்னட்டை வழி கேட்டுத்தான் வீட்டை போறது.

— தெரியுமாம் சிஞ்ஞோரா, நல்லாத் தெரியுமாம்! ஓம்... கிராட்சியே, கிராட்சியே! அண்ணை, எடுத்திட்டா! ஒப்பந்தத்தை இண்டைக்கே எழுதுறாவாம். உடனை பட்டறைக்குப் போகட்டாம். எனக்கு இஞ்சை றெயில் ஸ்தாசியோனேயடியிலை இன்னொரு வீடு துடைக்கக் கிடக்கு. நீங்கள் முன்னாலை நடவுங்கோ, நான் பின்னேரம் வந்து சந்திக்கிறன்.

— நீ நல்லா இருப்பாய் பிள்ளை. அப்ப நான் வெளிக்கிடுறன்... ஒரு சின்ன விசயம், இந்தக் கால்சா எந்தப் பக்கம்? நான் நேற்றுப் பின்னேரம்தான் நாப்போலியிலை இருந்து முதன்முதலா இந்த ஊருக்கு வந்திறங்கினனான்.