மூன்றாவது வீட்டில் பூட்டிய அறை

சாயங்காலம் ஆறரை மணி. மலைச் சாலை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்... நடுவில் ஒரே ஒரு ஆள். மழை விட்டுவிட்டது, மரங்கள்தான் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கின்றன. சொட்... சொட்... வேறு ஒரு சத்தம் கிடையாது.

அந்த ஆள் யாரோ இல்லை, என் சிநேகிதனின் அக்கா புருஷன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். நாங்களும் அத்தான் என்றுதான் கூப்பிடுவோம். பேய் என்று வாயெடுத்தாலே, போய் வேலையைப் பாருடா என்பார். லிஃப்ட் குழிக்குள் தனியாக இறங்கி வேலை செய்கிற மனுஷன் வேறெப்படி இருப்பார்? அந்த மூலையில் யார் சிரிப்பது? சிரி, சிரி. கதை முடிந்ததும் தனியாக பாத்ரூம் போய்விட்டு வா, பார்க்கலாம்.

அத்தானின் தம்பி மலையேறப் போனான். தனியாக. போனவன் போனவன்தான்... பத்து நாளாக ஒரு தகவல் இல்லை. அவர்கள் அம்மா வாசலைப் பார்த்தே உட்கார்ந்துவிட்டார். தொண்டையில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அத்தான் தேடக் கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னார்.

"எப்படியாவது அவனைக் கூட்டிட்டு வந்துடுப்பா."

அத்தானும் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டார்.

அந்த மலையில் லாட்ஜ் எல்லாம் கிடையாது. வீட்டுக்காரர்களே ஓர் அறையை ஒழித்துக் கொடுப்பார்கள். ராத்திரி படுக்கை, காலையில் சாப்பாடு, அவ்வளவுதான். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஒரு நாள் நடை. அதனால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. ஆள் கிளம்பியதும் அடுத்த வீட்டுக்குப் போன் போட்டு, ஒருத்தர் வருகிறார், படுக்கையைப் போட்டு வை என்று சொல்லிவிடுவார்கள்.

முதல் வீட்டில் அத்தான் தம்பியின் போட்டோவைக் காட்டினார். வீட்டுக்காரர் பார்த்தவுடனே, இந்தப் பையனா, நேற்று ராத்திரி இங்கேதான் படுத்திருந்தான், விடிவதற்குள் போய்விட்டான் என்றார். அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே அழுதுவிட்டாராம். அறையைப் போய்ப் பார்த்தால்... மெத்தை முழுக்க ஈரம். நனைந்த கம்பளி நாற்றம், கூடவே சேற்று வாடை. மழையில் வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது வீட்டிலும் அதே கதைதான். நேற்று இருந்தான். சாப்பிடவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை, காலையில் பார்த்தால் ஆளைக் காணோம். இப்படியே ஒரு நாள் பின்னாலேயே ஓடினால் எப்போது பிடிப்பது? அத்தானுக்குப் பொறுமை போய்விட்டது. அந்த வீட்டுக்காரரிடமே சொல்லி மூன்றாவது வீட்டுக்குப் போன் போட வைத்தார். தம்பி இன்றைக்கு அங்கே வருவான், வெளியே விடாதீர்கள், கதவைப் பூட்டியாவது வையுங்கள்... நான் வந்துவிடுகிறேன்.

வினையே அங்கேதான்.

நான் முதலில் சொன்ன சாலை, அந்த மூன்றாவது வீட்டுக்குப் போகிற சாலை. அங்கே ரிட்டையரான நர்ஸம்மா ஒருத்தர் தனியாக இருந்தார். அத்தான் கையில் சாவியைக் கொடுத்தார்.

"மாடியில இருக்காரு. நேத்து ராத்திரி பூட்டினதுதான். ஒரு தடவைகூட கதவைத் தட்டலை."

அந்த நேரம் பார்த்து அத்தானின் செல்போனுக்கு சிக்னல் வந்தது. மணி அடித்தது. அக்கா.

"என்னங்க... தம்பி கிடைச்சுட்டாருங்க. முதல் வீட்டுக்குக் கீழே, ஓடையில. போன அன்னைக்கே விழுந்துட்டாராம். வாட்ச்சை வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க... முகம்னு ஒண்ணும் இல்லைங்க."

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை, சீக்கிரம் வாருங்கள் என்று அழுதார் அக்கா. அத்தானின் கையில் சாவி அப்படியே இருக்கிறது. மாடியில் கட்டில் க்ரீச் என்றது.

நானாக இருந்தால் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியிருப்பேன். அத்தான் ஓடவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி... ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றுதான் இருந்ததாம். ஏறினார். பூட்டைத் திறந்தார். லைட்டைப் போட மனசு வரவில்லை. போர்வைக்குள் ஓர் உருவம், சுவர்ப் பக்கம் திரும்பி. மூச்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "வாடா, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது... மெதுவாக... அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் ரோடு தாண்டும்போது அப்படித்தான் பிடிப்பானாம். சட்டை நனைந்து, இடுப்பு வரை சில்லிட்டது. அத்தான் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தார். எப்போது கண் அசந்தாரோ தெரியாது. விடிந்தபோது கட்டிலில் ஈரம் மட்டும்தான்.

மூடிய பெட்டியோடு ஊருக்கு வந்து அடக்கம் பண்ணினார்கள். முகத்தை யாருக்கும் காட்டவில்லை. அம்மா எல்லார் காலிலும் விழுந்து கெஞ்சியும் காட்டவில்லை.

அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தார் அத்தான். சமையல்கட்டில் வெளிச்சம். அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் வரை மயங்கி மயங்கி விழுந்தவர்... இப்போது முகத்தில் அழுகையே இல்லை. அத்தானின் கன்னத்தைத் தடவினார்.

"சொன்ன மாதிரியே கூட்டிட்டு வந்துட்டியேப்பா."

அம்மா டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு தம்பியின் அறைக்குள் போனார். ஸ்விட்ச் போடுகிற சத்தம் கேட்டது. அலறப்போகிறார் என்று அத்தான் காதைப் பொத்திக்கொண்டார்.

அலறவில்லை. டம்ளரில் ஸ்பூன் தட்டுகிற சத்தம்... டிங்... டிங்... அப்புறம் அம்மாவின் குரல், குழந்தையிடம் பேசுகிற மாதிரி.

"ஆ காட்டு கண்ணு... ஆ... வாய் எங்கடா?"