நாலாவது பாட்டு

— நிறுத்து மச்சான், போதும். கருமம், குமட்டிக்கிட்டு வருது.

— என்ன மாப்ளே, இன்னும் நாப்பது செகண்ட் கூட ஓடல. பாட்டே மொத்தம் ஒரு நிமிஷம் பத்து செகண்ட்தான்.

— அந்த நாப்பது செகண்டுக்குள்ள நான் மூணு தடவை துப்பியிருக்கேன். மைக்ல எச்சில் தெறிக்கிற சத்தம் அப்படியே பதிஞ்சிருக்கு. தூ.

— அதுக்குத்தான்யா பசங்க உயிரை விடறாங்க. நெட்ல பாட்டுக்குக் கீழ ஒருத்தன் எழுதியிருக்கான் பாரு, "இந்த எச்சிலை ஃபிரேம் போட்டு மாட்டணும்"னு.

— அவனை முதல்ல ஒரு நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லு. நீ அந்தப் பல்செட்டைக் கீழ வை. சாயங்காலம் கிளினிக்குக்குப் போகணும் அது.

— யாரோடது?

— ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருத்தரோட மேல்வரிசை.

— சும்மா சொல்லக் கூடாது, வாய் இல்லாமலே நல்லாத்தான் சிரிக்கிறாரு. சரி, வச்சிட்டேன். நீ இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்தைப் போடு, நான் கிளம்பறேன். ரெண்டு வீட்ல வாஷிங்மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன்.

— போட மாட்டேன்.

— கிட்டார்காரன் போட்டுட்டான். பேஸ் வாசிச்சவன் கடல் தாண்டி உக்காந்துக்கிட்டு போட்டு அனுப்பிட்டான். பாடினவன் நீ மட்டும்தான் பாக்கி. நாலு பேரும் போட்டாத்தான், நம்ம பழைய கேசட்டைத் தேடிப் பிடிச்சு நெட்ல ஏத்தின பசங்க ரெக்கார்டு அடிப்பாங்க. கறுப்புத் தட்டு மாப்ளே, நிஜமான தட்டு! மேல "சொத்தை"ன்னு பெருசா நம்ம பேண்டு பேரு.

— பல்லு கட்டப் படிக்க வந்த நாலு தடிப்பசங்க வேற என்ன பேரு வைப்பானுங்க. இப்ப கேட்டா பொருத்தமாத்தான் இருக்கு. சொத்தையேதான்.

— அட விடு. மூணு வாரத்துக்கு முன்னாடி இதே பாட்டுங்களை நான் போன்ல அனுப்பினப்ப நீ என்ன பண்ணின? இந்த லேப்ல ஸ்பீக்கர் கிழியற மாதிரி வச்சு, பல்லுக்குப் பாலீஷ் போட்டுக்கிட்டே ஆடுனன்னு உன்னைக் கட்டின என் தங்கச்சி சொன்னா. கறுப்பு பனியன் ஒண்ணு வேற வாங்கினியாம்.

— தொப்பைக்கு மேல இறங்கல. திருப்பி அனுப்பிட்டேன்.

— அவ சிரிச்சு சிரிச்சு அழுதுட்டா.

— முதல் மூணு பாட்டு வரைக்கும் எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு மச்சான். பொய் சொல்லல. எவனுக்கும் பயப்படாம, சுதி இல்லாம, கதவிடுக்குல வால் மாட்டின பூனை மாதிரி கத்தியிருக்கேன். என்னடா, நாமளா இதுன்னு இருந்துச்சு. இருபது வயசு திரும்பி வந்து முதுகுல தட்டின மாதிரி. அப்புறம் நாலாவது வந்துச்சு.

— அதுதான் ஹிட்டு. "காட்டிக் கொடுத்தவனே, கதவைத் திற!" நாப்பதாயிரம் பேர் கேட்டிருக்கான்.

— போன வாரம் நீ ஒரு வீடியோ அனுப்பின. ஞாபகம் இருக்கா?

— ஹாஸ்டல் பசங்க. நம்ம பாட்டைக் கத்தறானுங்களே, அதுதானே? எந்த ஊரோ, என்னவோ. சும்மா சொல்லக் கூடாது, தாளம் தப்பாம கத்தறானுங்க.

— மேல மாடி ஜன்னலைப் பாத்தியா?

— கவனிக்கல.

— ஒரு ஆள் நிக்கிறாரு. வயசானவர். வெளிய எட்டிப் பாக்கறாரு, அப்புறம் திரையை இழுத்து மூடறாரு. மூடினதும் பசங்க இன்னும் ஜோரா கத்தறானுங்க. நீ அதுக்கு மூணு சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்பியிருக்க.

— சரி, தப்புதான். விடு.

— விட முடியல. நாமளும் அப்படித்தானே நின்னோம்? நம்ம வார்டன் ஜன்னலுக்குக் கீழ, ஒரு மாசம், தினம் சாயங்காலம்.

— நீங்க நின்னீங்க. என்னைத்தான் அதுக்கு முன்னாடியே வெளிய தள்ளிட்டாங்களே.

— ஆமா. நீ இல்ல. ரெக்கார்டிங்குக்கு மட்டும்தான் வந்த.

— ஆடிட்டோரியத்து ஆம்ப்ளிஃபையர் என் கட்டிலுக்குக் கீழ கிடந்துச்சு. நாலு பேரும் சேர்ந்துதான் தூக்கினோம். மாட்டினது நான் ஒருத்தன். படிப்பு போச்சு. உனக்கு லேப், எனக்கு ஊரான் அழுக்குத்துணி. அன்னைக்கும் டிரம், இன்னைக்கும் டிரம். இப்ப அதைக் கழட்டி உள்ள சிக்கின காலுறை எடுக்கறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

— சிரிக்காத மச்சான்.

— பின்ன அழவா சொல்ற?

— வார்டன் வேலையை விட்டுட்டு சாமானை லாரியில ஏத்தறப்பக்கூட நாங்க விடல தெரியுமா? அவர் பொண்டாட்டி இடுப்புல குழந்தையோட முன்சீட்ல ஏறுது. குழந்தை காதைப் பொத்திக்குது. நான் லாரிக்குப் பின்னாடி ஓடி ஓடிப் பாடினேன். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நெத்தியில ஈரத்துணி மாத்தி மாத்திப் போட்ட ஆளு அவர். என் குரலைக் கேட்டா எனக்கே அருவருப்பா இருக்கு. காதுல சோப்புப் போட்டுக் கழுவணும் போல இருக்கு.

— வயசுக் கோளாறு மாப்ளே. எல்லாரும்தான் பண்ணினீங்க.

— இன்னொண்ணு கேக்கணும். முதல் மூணு பாட்டும் ஒழுங்கான வேகத்துல போகுது. நாலாவதுல மட்டும் ஏன் அப்படி அடிச்ச? பாதிக்கு மேல ஓடற, இன்னும் ஓடற. எனக்கு மூச்சு வாங்கறது தெளிவாக் கேக்குது. ஒரு வார்த்தை வாயை விட்டு வர்றதுக்குள்ள அடுத்த வரி வந்து நிக்குது.

— அந்த வேகத்தைத்தான் எல்லாரும் கொண்டாடறாங்க. மனுஷக் கையால அடிச்சதான்னு சந்தேகப்படறாங்க.

— அதான் ஏன்னு கேக்கறேன்.

— ரத்தம் சூடு. நீ பேச்சை மாத்தாத. கையெழுத்து.

— இந்தத் தட்டு வெளிய வந்தா, இன்னும் எத்தனை ஜன்னலுக்குக் கீழ எத்தனை பேர் நிப்பான்?

— நம்ம பாட்டு இல்லேன்னா வேற பாட்டைப் பாடிக்கிட்டு நிப்பான். மாப்ளே, என் வாழ்க்கையில நான் உருப்படியாப் பண்ணின ஒரே காரியம் இந்த ஒரு நிமிஷம் பத்து செகண்ட். அதையும் வேண்டாம்ங்கறியா?

— மூணு பாட்டைப் போடட்டும். நாலாவது வேண்டாம்.

— நாலாவது இல்லேன்னா ரெக்கார்டே இல்லன்னுட்டாங்க. ஏன்? ஒரு காரணம் சொல்லு, பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்.

— வார்டன் காட்டிக் கொடுக்கல மச்சான்.

— ம்.

— பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டாரு. அட்டெண்டன்ஸ் பத்தல, பரீட்சை எழுத விட மாட்டேன்னாரு. ஆம்ப்ளிஃபையர் எங்கன்னு சொன்னா பாத்துக்கலாம்னாரு. சொல்லிட்டேன். எந்த ரூம், எந்தக் கட்டில், எல்லாம். வெளிய வந்து, பசங்ககிட்ட வார்டன்தான்னு நானே கிளப்பி விட்டேன். ராத்திரியோட ராத்திரியா பாட்டும் எழுதினேன். உன் தங்கச்சிக்குக்கூடத் தெரியாது.

— சொல்லி முடிச்சிட்டியா?

— அடி மச்சான். இல்ல, திட்டவாவது செய்.

— தெரியும் மாப்ளே.

— என்னது?

— டிரங்குப் பெட்டியோட கேட்டைத் தாண்டறப்ப வார்டனே பின்னாடி ஓடி வந்து சொன்னாரு. "நான் இல்லப்பா, உன் சிநேகிதன்தான்"னு.

— அப்படின்னா ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சுதான் வாசிச்சியா? அந்த மனுஷன் பாவம்னு தெரிஞ்சும்?

— ஆமா. அந்தக் கருமத்துல எனக்கும் பங்கு இருக்கு. நீ மட்டும் தனியா குமட்டாத.

— இத்தனை வருஷமா என் வீட்ல உக்காந்து சாப்பிட்ட, ஒரு வார்த்தை கேட்டியா?

— நீயா சொல்லட்டும்னு இருந்தேன். டிரம்ஸ்ல உக்காந்தவனுக்கு எதிர்ல தெரியறது பாடறவன் பிடறி ஒண்ணுதான் மாப்ளே. அந்தப் பொய்யைச் சொல்ல முடியாம உனக்கு மூச்சு முட்டணும், நீயே மைக்கைக் கீழ போடணும்னுதான் வேகத்தை ஏத்தினேன். நீ போடல, இன்னும் ஏத்தினேன். நீ ஒரு வார்த்தை விடாம கத்தி முடிச்சிட்டுத் திரும்பி, "கலக்கிட்ட மச்சான்"னு என்னைக் கட்டிப் பிடிச்ச.