கைப்பிடி வைத்த அடுப்பு

வெடிக்கிறது. மலைப் பக்கமிருந்து. நெஞ்சுக்கூட்டுக்குள் இடிக்கிற சத்தம். ஒன்று. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று. பிறகு சரமாரியாக.

"குனி! குனி!" என் புருஷன் அந்தோனி கத்துகிறார். "அடுப்ப உள்ளுக்க எடு! புகை தெரியும்!"

நான் மகளை இழுத்துக்கொண்டு கொட்டகைக்குள் ஓடுகிறேன். மாமி ஏற்கெனவே உள்ளே, ஜெபமாலையோடு தரையில் படுத்திருக்கிறார். வெளியே அந்தோனி எரிகிற கட்டைகளை அடுப்பிலிருந்து பிடுங்கி வாளித் தண்ணீரில் முக்குகிறார். சோற்றுப் பானையை இறக்கிப் போட்டுவிட்டு, தணலோடு அடுப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார். தகரக் கதவை அறைந்து சாத்துகிறார்.

இது மன்னார் இல்லை. திருவண்ணாமலை. எண்பத்தைந்தாம் வருடம், கார்த்திகை தீபம், மாலை ஆறு மணி. மலை உச்சியில் தீபம் ஏற்றிவிட்டார்கள். ஊர் சந்தோஷத்தில் அதிர்வேட்டு போடுகிறது. நாங்கள் வேதக்காரர்கள். அகதியாக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விளக்கு ஏற்றுவார்கள் என்று சொன்னார்கள். அந்த விளக்குக்கு இத்தனை சத்தம் உண்டென்று யாரும் சொல்லவில்லை. வேட்டைத் தொடர்ந்து ஜனக்கூட்டம் அரோகரா போட்டது. தூரத்தில் வார்த்தை கேட்கவில்லை. அலறல் மட்டும் கேட்டது. அந்த அலறல் எங்களுக்குத் தெரியும்.

அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்புத் தகட்டில் செய்தது. விறகு அடுப்பு. மேலே வளைந்த கைப்பிடி. ஊரில் ரைஸ் மில் வைத்திருந்த பெரிய மனிதர் ஒருவர் முகாமுக்குத் தானம் கொடுத்தார். தானம் கொடுக்க வந்தவர் மாலையைத் தானே வாங்கிக்கொண்டு வந்திருந்தார். எங்களை வரிசையில் நிறுத்திப் பேசினார்.

"மழ வந்தா தூக்கி உள்ள வெச்சிக்கங்க. கைப்பிடி இன்னாத்துக்குனு நெனச்சீங்க? அழகுக்கா?"

சிரித்தார். நாங்களும் சிரித்து வைத்தோம். வாங்குகிறவன் சிரிக்காமல் இருக்க முடியுமா? அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு வேளை அடுப்பு ஊதியிருக்க மாட்டார். அடுப்பைப் பற்றிப் போதிக்க அதுவே தகுதி போலும்.

ஆனால் என் புருஷனுக்கு அந்தப் போதனை தேவையே இல்லை. மன்னாரில் எங்கள் வீட்டுக்கு மேலே ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றும். புகை எழும்பும் முற்றத்தைப் பார்த்துச் சுடும். சத்தம் கேட்டால் கட்டையைப் பிடுங்கு, தணலை உள்ளே எடு, படு. அதுதான் எங்கள் சட்டம். அந்த வீட்டின் கூரை ஓலை. சுவர் ஓலை. காற்று கேட்காமலே வந்து போகும். இங்கே கொட்டகையைச் சுற்றி மழைக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தோம். எறும்பு நுழைய இடமில்லை. மிச்சமிருந்த கதவிடுக்கிலும் அந்தோனி ஈரச் சாக்கைத் திணித்தார். அடுப்பைப் பார்த்தார். தணல் சிவப்பாக, சாதுவாக இருந்தது.

"புகை இல்ல," என்றார். "இனிப் பயமில்ல."

மகா தளபதி! புகையை மட்டும் எதிரி என்று படித்தவர். புகையில்லாத தணல்தான் மூச்சைத் திருடும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதற்கு வாசனை கிடையாது. சத்தம் கிடையாது. குண்டாவது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரும். இது அந்த மரியாதைகூடத் தெரியாத ஈனப் பிறவி.

வேட்டு ஓய்கிறது. மறுபடி தொடங்குகிறது. நாங்கள் படுத்தே கிடக்கிறோம். தலை இடிக்கிறது. பயத்தில் என்று நினைக்கிறேன். மாமியின் ஜெபம் நின்றுவிட்டது. தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். மகள் என் மேல் வாந்தி எடுக்கிறாள். அவளை வெளியே கொண்டுபோகச் சாக்கை உருவி, கதவைத் திறக்கிறேன். சத்தம் ஓயாமல் கதவைத் திறந்தால் அந்தோனி வாய் கூசாமல் ஏசுவார். அன்று ஏசவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கால் மடிந்து சேற்றில் விழுந்தேன். முகாம் வாசலில் பூ விற்கிற கன்னியம்மா ஓடி வந்து மகளைத் தூக்கிக்கொண்டாள்.

"ஐயோ, இன்னாம்மா ஆச்சு? வேட்டும்மா அது! தீபம் ஏத்திட்டாங்க! அங்க பாரு!"

பார்த்தேன். மலை உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம். அவ்வளவுதான். அதற்காகவா?

ஆட்கள் வந்து, காற்று போகக் கதவைப் பெயர்த்தார்கள். தார்ப்பாயைக் கிழித்தார்கள். மாமியையும் அந்தோனியையும் தூக்கி வெளியே ஈர மண்ணில் கிடத்தினார்கள். எழும்பவில்லை.

மறுநாள் ரைஸ் மில்காரர் வந்தார். மூக்கில் கைக்குட்டை. என்னிடம் பேசவில்லை, பக்கத்தில் நின்றவர்களிடம் பேசினார்.

"அடுப்பு பொழங்கத் தெரியாத ஜனங்க. இவங்களுக்கு இன்னானு சொல்லிக் குடுக்கறது?"

தெரியாதுதான் ஐயா. இப்போது தெரியும். கேட்டுக்கொள்ளுங்கள். விறகு அடுப்பு வாசலுக்கு வெளியே. மழை பெய்தால் பட்டினி இருங்கள், உள்ளே எடுக்காதீர்கள். தணலில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றி, சாம்பல் கைக்குச் சில்லென்று ஆன பிறகுதான் கைப்பிடியைத் தொட வேண்டும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உங்கள் கழுத்தில் மாலை போட்ட நேரம்கூட ஆகாது.

சிலர் விதி என்றார்கள். விதியாம். விதியா கைப்பிடி வைத்தது? எனக்கு அவர் வேண்டும். ஏசுகிற அந்த வாய் வேண்டும். விதியை வைத்து நான் என்ன செய்வது?

மன்னாரில் குண்டுக்கு இழந்தது: வீடு, வள்ளம், இரண்டு ஆடு. ஆள் இழப்பு இல்லை. கடலில் இழந்தது: துணி மூட்டை. ஆள் இழப்பு இல்லை. திருவண்ணாமலையில், யாரும் யாரையும் சுடாத ஊரில், திருவிழாவன்று இழந்தது: மாமி. என் புருஷன் அந்தோனி. ஒரு பானைச் சோறு.

அடுப்புக்கு ஒரு கீறல்கூட இல்லை.