பாதியில் தூங்கிப்போன படங்கள்

— அவன் திரும்பி வரவே இல்லைங்க.

— யாரு வரல?

— கலங்கரை விளக்குல வேலை பாக்குற அந்த ஆளு. நீங்க கீழே கடையில தைச்சுக்கிட்டு இருந்தீங்களா, நான் சும்மா டிவியைப் போட்டேன். அந்தப் படம் ஓடுது. கல்யாணமான புதுசுல பாத்தோமே, படம் பூரா பனிமூட்டமா இருக்குமே.

— ஓ, அதுவா. லீவு போட்டு ரெஸ்ட் எடும்மான்னா, நீ டிவி பாத்துக்கிட்டு இருக்கியா?

— படுத்துக்கிட்டுதான் பாத்தேன். பேக்கரிக்குப் போற நாள்ல எங்க பாக்க முடியுது? விடியறதுக்குள்ள மாவு பிசையப் போகணும். எந்தப் படம் போட்டாலும் இடைவேளைக்குள்ள உங்க தோள்ல சாஞ்சு தூங்கிருவேன். மறுநாள் நீங்கதான் மீதிக் கதை சொல்லுவீங்க. இன்னைக்குத்தான் முதல் தடவையா ஒரு படத்தோட கடைசியைக் கண்ணால பாத்திருக்கேன்.

— எப்படி இருந்துச்சு?

— அழகா இருந்துச்சுங்க. வெளியிலயும் தூறல், படத்துலயும் தூறல். எது இங்க, எது அங்கன்னே தெரியல. நம்ம கட்டிலுக்கு அடியில கடல் சத்தம் கேக்குற மாதிரி இருந்துச்சு. படகு மட்டும் மெதுவா மிதந்து வருது. உள்ள அவன் கோட்டு கிடக்கு. ஆளைக் காணோம். அவன் பொண்டாட்டி அந்தக் கோட்டை எடுத்து மடிச்சு மடியில வெச்சுக்கிறா. அவ்வளவுதான், பேர் போட ஆரம்பிச்சுட்டாங்க.

— ம்.

— நீங்க என்ன சொன்னீங்க? பொழுது விடியறப்ப அவன் வந்து வாசல்ல நிக்கிறான், தாடியெல்லாம் நரைச்சுக் கிடக்கு, அவ திரும்பிக்கூடப் பாக்காம இன்னொரு தட்டை எடுத்து வெக்கிறான்னு சொன்னீங்க.

— அது வேற படமா இருக்கும்மா.

— வேற படம் இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சியே அதுதான். அந்தத் தட்டு வெக்கிற சத்தம்கூட என் காதுல இருக்கு.

— எத்தனையோ வருஷம் ஆச்சு. மாத்திச் சொல்லியிருப்பேன்.

— சரி, அது போகட்டும். அந்த ரயில் படம்? அண்ணனும் தம்பியும் கடைசியில ஒரே பெட்டியில உக்காந்து ஆரஞ்சு உரிச்சுத் தின்னாங்கன்னீங்க. எங்க பேக்கரியில கேக்குக்குப் பூப் போடுற அக்கா சொல்றாங்க, தம்பி ரயிலையே விட்டுட்டானாம், பிளாட்பாரத்துல தனியா நிக்கிறதோட படம் முடிஞ்சுபோச்சாம். நான் அவங்ககிட்ட மல்லுக்கு நின்னேன். எங்க வீட்டுக்காரர் முழிச்சிருந்து பாத்தாரு, நீங்கதான் தூங்கியிருப்பீங்கன்னேன்.

— அந்தம்மாவோட உனக்கு எதுக்குச் சண்டை?

— எனக்குன்னு ஒரு அபிப்பிராயம் இருக்காதா? சீரியல்ல பொம்பளைங்க கழுத்து நிறைய நகையோட தூங்குறது எனக்குப் பிடிக்காது. துப்பறியிற தொடர்ல அந்தப் போலீஸ்காரன் ஒருநாளாவது தலை வாரலாம். சமையல் போட்டியில ஸ்பூன் நுனியால தொட்டு நாக்குல வெச்சுட்டுக் கண்ணை மூடுறாங்களே, பசிக்கிறவன் அப்படியா சாப்பிடுவான்? ஆனா ஒண்ணு, முடிக்கிறது மட்டும் எல்லாரும் நல்லா முடிக்கிறாங்கன்னு பேக்கரியில ஒருத்தர் விடாம சொல்லிட்டு இருந்தேன். அவங்க என்னை ஒரு மாதிரி பாப்பாங்க. ஏன்னு இப்பத்தான் புரியுது.

— கிண்டல் பண்ணாங்களா?

— முதல்ல பண்ணாங்க. அப்புறம் நின்னுபோச்சு. அடுப்புகிட்ட நிக்கிறவரு இருக்காரே, ஆளு பெரிய முரடு. ஏதாவது படம் பாத்து மனசு சரியில்லன்னா மெதுவா என் பக்கத்துல வந்து நிப்பாரு. ‘உங்க வீட்ல அது எப்படி முடிஞ்சுது?’ன்னு கேப்பாரு.

— நான் வேணும்னு பண்ணலம்மா.

— அப்ப எப்படி ஆச்சு? சொல்லுங்க, நான் கோச்சுக்க மாட்டேன்.

— கல்யாணமான வருஷமே உங்கப்பா தவறினாருல்ல, அப்ப. ஏதோ ஒரு ஆஸ்பத்திரிப் படம் பாத்தோம். நீ பாதியில தூங்கிட்டே. காலையில கண்ணைத் திறக்காமலே, ‘அந்தப் பெரியவர் பொழைச்சுட்டாரா?’ன்னு கேட்டே. பொழைச்சுட்டாருன்னுட்டேன். நீ சிரிச்சே. கண்ணை மூடிக்கிட்டே சிரிச்சே. அன்னைக்குப் பூரா எனக்குத் தையல் மெஷின் தானா ஓடுன மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் என்னால நிறுத்த முடியல.

— எல்லாப் படமுமா?

— நல்லா முடிஞ்சதை அப்படியே விட்டுருவேன். மத்ததெல்லாம்... பேண்ட் நீளமா இருந்தா மடிச்சு அடிக்கிறதில்லையா, அது மாதிரி கொஞ்சம்.

— தையக்காரர் புத்தி எங்க போகும்.

— துணியைக் கெடுக்கலயே.

— கெடுக்கலைங்க. உண்மையைச் சொன்னா, அவங்க முடிவைவிட உங்க முடிவுதான் நல்லாருக்கு. இன்னைக்கு அந்தக் கோட்டைப் பாத்ததும் எனக்கு அழுகை வரல. அய்யோ பாவம், இவங்களுக்கு முடிக்கத் தெரியலையேன்னுதான் தோணுச்சு.

— அப்ப விடு. கொஞ்ச நேரம் தூங்கு. இந்தத் தூறல் சத்தத்துக்குச் சுகமா தூக்கம் வரும். நான் கீழே போய் ஒரு காலர் வெச்சுட்டு வந்துர்றேன்.

— இருங்க. இப்படி உக்காருங்க. கையைக் குடுங்க. ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?

— மழைதான்.

— என்னைப் பாத்துச் சொல்லுங்க. நான் நல்லா முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன். காலையில டாக்டர் என்னை வெளியில உக்கார வெச்சுட்டு உங்களை மட்டும் உள்ள கூப்பிட்டாரே. நீங்க வந்து, ‘வெறும் அசதிதானாம், சீக்கிரம் சரியாயிருமாம்’னீங்களே. அது அவர் சொன்னதா, நீங்க சொன்னதா?