தையல் நறுக்கிய மாம்பழம்

மாம்பழம் சாப்பிட எல்லாருக்கும் தெரியும். நறுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. உதடு ஏன் இப்படி வெந்திருக்கிறது என்று கேட்டீர்கள், டாக்டர். களிம்பைப் பூசிக்கொண்டே கேளுங்கள், சொல்கிறேன்.

இந்தத் திண்டிவனத்தில் எனக்கு மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். பெற்றவர்கள் போன பிறகு வீட்டில் நானும் தங்கை தையல்நாயகியும்தான். கொல்லையில் ஓர் ஒட்டு மாமரம். காம்பைக் கிள்ளி, பால் வடியப் பழத்தைத் தண்ணீரில் போடுவது என் வேலை. மற்றதெல்லாம் தையல். அரிவாள்மணையில் தோல் அறாமல் சீவுவாள். கதுப்புகளை எனக்கு வைத்துவிட்டுக் கொட்டையைத் தான் சப்புவாள். அவளுக்கும் கதுப்பு பிடிக்குமா என்று நான் கேட்டதில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் முகையூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். பையனின் தாயார் ஒரு துண்டை வாயில் போட்டதும், "இன்னா அழகா நறுக்கிக்கிது பொண்ணு! எங்க வூட்டுக்கு வந்தா தெனமும் இதான்" என்றாள்.

அந்தத் 'தெனமும்' எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கொண்டுவருகிறேன் என்று தட்டோடு கொல்லைப்பக்கம் போனேன். ஒரு காயைப் பறித்துக் காம்பைக் கிள்ளினேன். பீறிட்ட பாலைத் தட்டிலிருந்த துண்டுகள்மேல் தடவிக் கொண்டுவந்து வைத்தேன். வந்தவர்களை உபசரிப்பதில் குறை வைக்கக் கூடாது.

மறுநாள் அவர்கள் வீட்டில் எல்லார் வாயிலும் கொப்புளம். சம்பந்தம் நின்றது. அடுத்த கோடையில் மேல்மலையனூர்க்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் அதே உபசாரம். அதன்பிறகு தையலுக்குக் கைராசி இல்லை என்று ஊரே பேசியது.

"காம்பு கிள்ளித் தண்ணியில போட்டியாண்ணா?" என்று அழுதுகொண்டே கேட்டாள்.

"போட்டேம்மா. உன் நேரம், இன்னா பண்றது?"

அன்று அவள் நறுக்கியதை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுத்தான் அவளைத் தேற்றினேன். தங்கைக்குக் கல்யாணம் முடியாமல் தானும் கட்டிக்கொள்ளாமல் இருக்கிறானே, இப்படி ஓர் அண்ணன் கிடைப்பானா என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை.

இந்த வருஷம் திருவாமாத்தூரிலிருந்து தேவநாதன் பெண் பார்க்க வந்தார். நான் வைத்த தட்டில் முதல் துண்டைத் தின்றதும் உதட்டைத் துடைத்துக்கொண்டார். கண் கலங்கியது. அப்படியும் தையல் நின்ற பக்கம் பார்த்து, "இன்னும் ரெண்டு குடுங்க" என்றார். பேஜாரான மனுஷன்.

அடுத்த வாரம் காய்ந்த புண்ணோடு பூ வைக்க வந்து நின்றார்.

"உதட்டுல இன்னாங்க?" என்று விசாரித்தேன்.

"மாம்பால் பட்டா இப்டித்தாங்க. யாரோ காம்பு கிள்ளித் தண்ணியில போடல. அதுக்காவ பொண்ண வுட்ற முடியுங்களா?"

தையல் சிரித்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். பால் பட்டுக் கட்டைவிரல் கறுத்திருந்தது.

நேற்றுக் கல்யாணம். புருஷன் வீட்டுக்குக் கிளம்பும் முன், பட்டுப்புடவையோடு அரிவாள்மணையில் உட்கார்ந்து எனக்கு ஒரு தட்டு நறுக்கினாள்.

"எல்லாம் கதுப்புதாண்ணா. நீ சாப்பிடு, நான் பாத்துக்கினு இருக்கேன்."

முதல் துண்டே எரிந்தது. பிரிகிற துக்கம் என்று நினைத்தேன். காலியாகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு தட்டை வாங்கிக்கொண்டாள். கையில் மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. கட்டைவிரல் நுனி மட்டும் கறுத்தே போயிருந்தது.

மருதாணி அப்படிப் பிடித்தால் பாசம் அதிகம் என்பார்கள். என்மேல் அவளுக்கு எப்போதுமே பாசம்தான், டாக்டர்.